பொது இருள்

சில நூறு வெள்ளிக்கு இன்று ஒரு 15×70 பைனாகுலர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. கறுப்பு ரப்பர் போர்த்திய இரண்டு குழல்கள், ஒவ்வொன்றின் முனையிலும் 70 மில்லிமீட்டர் அகல வில்லை, மாட்டினால் கழுத்தைக் கீழே இழுக்கிற கனம். விலை பார்த்து வாங்கிவிடுகிறோம். எதை வாங்கினோம் என்று யோசிப்பது, முதல் இரவு அதை வானத்துக்குத் தூக்கிய பிறகுதான்.

அதுவும் சாலாக் செலாத்தான் மாதிரியான இடத்தில் தூக்கிய பிறகு. ஒரு பக்கம் கேடிஎம் தண்டவாளம், ஒரு பக்கம் எல்ஆர்டி பாதை, இடையே அடுக்குமாடிகள். வடக்கே கோலாலம்பூர் நகரின் கோபுரங்கள். அவற்றுக்கெல்லாம் மேலே 678.9 மீட்டர் உயரத்தில் மெர்டேக்கா 118. தெற்கே நெடுஞ்சாலை விளக்குகள். நம் மாடியின் நடைபாதை விளக்கோ மாலை ஏழு மணிக்கு எரியத் தொடங்கினால் விடியும்வரை அணைவதில்லை. மழை விட்ட ஒரு நல்ல இரவில் தலையை உயர்த்தினால் பத்திருபது புள்ளிகள் தேறும். இந்த வானத்துக்கு இவ்வளவு பெரிய கண்ணாடி எதற்கு என்று கேட்பவரை நாம் ஏளனம் செய்ய முடியாது. நியாயமான கேள்விதான்.

ஆனாலும் இந்த மண்ணுக்கு வாய்த்திருக்கும் இடம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 3 பாகையில் இருக்கிறோம். தென்சிலுவையைப் பார்க்க லண்டன்காரர் கடல் கடந்து வர வேண்டும். சப்தரிஷி மண்டலத்தை முழுதாகப் பார்க்க சிட்னிக்காரர் வடக்கே வர வேண்டும். நமக்கு ஏப்ரல், மே மாத இரவுகளில் வடக்கே திரும்பினால் சப்தரிஷிகள், தெற்கே திரும்பினால் தென்சிலுவை. பூமியிலிருந்து காணக்கூடிய வானம் ஏறக்குறைய முழுவதும் ஆண்டுக்கொரு முறை நம் கூரைக்கு மேலே கடந்துபோகிறது. இயற்கை அள்ளிக் கொடுத்திருக்கிறது, மூடிக்கொண்டவர்கள் நாம்.

மூடிக்கொண்ட பிறகும் பெயர்களை விட்டோமில்லை. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு போய் நிற்கிறோம். குருக்கள் பெயர் கேட்கிறார், நட்சத்திரம் கேட்கிறார். பூசம் என்கிறோம், கார்த்திகை என்கிறோம், திருவாதிரை என்கிறோம். ஒரு நொடித் தயக்கம் கிடையாது. அந்தப் பூசம் வானத்தில் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வந்தால் வரிசை முழுவதும் வாயடைத்துப்போகும். கல்யாண மண்டபத்தில் அம்மி மிதித்த மணமக்களை அருந்ததி காட்ட வாசலுக்கு அழைத்து வருகிறார்கள். பகல் பதினோரு மணி. தலைக்கு மேலே கார் நிறுத்துமிடத்தின் தகரக் கூரை. புரோகிதர் விரல் நீட்டும் திசையில் மணப்பெண் பார்க்கிறாள். தெரிகிறதா என்றால், தெரிகிறது என்கிறாள். நாம் ஊர்கூடிச் சொல்லும் பொய்களில் இதைவிட அழகான பொய் இல்லை. ஆனால் காட்டுகிறவருக்கும் காண்கிறவருக்கும் இரவிலும் அந்த இடம் தெரியாது என்ற நிலை வந்துவிட்டால், சடங்கு தன் பொருளை விட்டுப் பிரிந்து தனியே நடக்கத் தொடங்கிவிடுகிறது.

தைப்பூசத்தையே எடுத்துக்கொள்வோம். பத்துமலையில் 1892 முதல் நடந்துவரும் விழா. ஜாலான் துன் எச்.எஸ். லீயிலிருக்கும் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் இரவில் புறப்படுகிறது. 272 படிகளில் காவடிகள் ஏறி இறங்குகின்றன. உலகமே திரும்பிப் பார்க்கிறது. விழாவுக்குப் பெயர் கொடுத்த நட்சத்திரமோ அன்றிரவு முழுநிலவின் பக்கத்தில், நிலவொளியில் கரைந்து கிடக்கிறது. பூசம் என்று நம் முன்னோர் குறித்த பகுதி கடக ராசியில் உள்ளது. மேலை வானியலார் மெஸ்சியே 44 என்று எண்ணிட்ட விண்மீன் கொத்து அதன் நடுவில் இருக்கிறது. நகர வானத்தில் வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. நிலவு தேய்ந்து, நள்ளிரவுக்குப் பிறகு எழும் நாட்களில் அந்த வெற்றிடத்தை நோக்கி நம் மலிவுக் குழல்களைத் திருப்பினால் முதலில் நாலைந்து, கண் பழகப் பழகப் பத்து, இருபது, முப்பது என்று விண்மீன்கள் வந்து நிற்கின்றன. இதே கொத்தைத் தம் சிறு தொலைநோக்கியால் பிரித்துப் பார்த்த கலிலியோ, அதில் ஏறத்தாழ 40 விண்மீன்கள் இருப்பதை 1610இல் எழுதி வெளியிட்டார். அவரது குழலைவிட நம் கையிலிருப்பது பல மடங்கு ஒளியை வாங்கக்கூடியது. நம்மை வந்தடையும் அந்த ஒளி புறப்பட்டுச் சுமார் 600 ஆண்டுகள் ஆகின்றன. மலாக்கா ஒரு சிறு துறையிலிருந்து அரசாக எழுந்துகொண்டிருந்த காலம் அது. தன் நட்சத்திரம் பூசம் என்று நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஒருவர் அதை முதன்முதலாகக் கண்ணால் காண்பதற்கு என்ன விலை போடுவது?

மலிவு என்பதைப் பற்றியும் நாம் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். மலிவான பொருள் ஒவ்வொன்றிலும் யாரோ எதையோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள். இரண்டு குழல்களும் ஒரே புள்ளியை நோக்க வேண்டும். கூரியர் வண்டியில் ஒரு குலுக்கல் போதும், உள்ளே பட்டகம் மயிரிழை நகர்ந்துவிடுகிறது. அப்போது வலக்கண் ஒரு வியாழனைக் காண்கிறது, இடக்கண் இன்னொரு வியாழனைக் காண்கிறது. மூளை அவற்றை வலிந்து ஒன்றாக்கப் பார்க்கும். சற்று நேரத்தில் புருவங்களுக்கு நடுவே வலி தொடங்கும். பார்வையின் விளிம்பில் விண்மீன்களுக்கு வால் முளைக்கும். 70 என்று அச்சிட்ட வில்லையின் முழு அகலமும் பல கருவிகளில் வேலை செய்வதில்லை. நம் ஊர் ஈரத்தில் பெட்டியில் போட்டு மறந்தால் வில்லையில் பூஞ்சை பிடிக்கும். இவற்றையெல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். விலைச்சீட்டில் எழுதாத மீதித் தொகை இது. செய்தவர் செலவழிக்காத கவனத்தை வாங்கியவர் செலவழிக்கிறார்: முக்காலி தேடுகிறார், உலர்பெட்டி வைக்கிறார், திருகை மெல்லத் திருகி இரண்டு நிலவுகளை ஒரு நிலவாக்கக் கற்றுக்கொள்கிறார்.

அந்தக் கவனம் எவ்வளவு பெரிய முதல் என்பதற்கு இங்கிலாந்தில் ஒருவர் வாழ்ந்து காட்டினார். பீட்டர்பரோ அருகே இருந்த ஜார்ஜ் ஆல்காக் என்ற பள்ளி ஆசிரியர். பைனாகுலரில் தெரியும் 30,000 விண்மீன்களின் அமைப்பை மனப்பாடமாக வைத்திருந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1983 மே மாத இரவொன்றில், வீட்டுக்குள் இருந்தபடியே, மூடிய சன்னல் கண்ணாடிக்கு ஊடாக 15×80 பைனாகுலரில் பார்த்தபோது, இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மங்கல் இருப்பதைக் கண்டார். அது ஒரு வால்வெள்ளி. ஐராஸ் செயற்கைக்கோளும் ஜப்பானியரான அராக்கியும் அதைத் தனியே கண்டிருந்தார்கள். மூன்று பெயர்களும் அதற்குச் சூட்டப்பட்டன. சில நாட்களில் அது பூமியிலிருந்து சுமார் 47 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்துபோயிற்று. கோடிக்கணக்கில் செலவான செயற்கைக்கோளின் பெயருக்குப் பக்கத்தில் சன்னலைக்கூடத் திறக்காத வாத்தியாரின் பெயர் நிற்கிறது என்றால், அவர் கட்டிய தொகை எந்த நாணயத்தில் இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அடுக்குமாடியில் இன்னொரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. நடைபாதை இருட்டில் இவ்வளவு பெரிய குழலை வைத்துக்கொண்டு ஒருவர் நின்றால், எதிர் பிளாக்கில் திரைச்சீலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். மூடட்டும், அது அவர்கள் உரிமை. தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும் கருவி அடுத்தவர் படுக்கையறையையும் கிட்டக் கொண்டுவரும். அதை எந்த மட்டத்துக்குக் கீழே தாழ்த்தக் கூடாது என்பது வைத்திருப்பவரின் ஒழுக்கம். சந்தேகம் தீர நல்ல வழி, சந்தேகப்பட்டவரையே கூப்பிட்டுக் காட்டுவதுதான்.

அப்படித்தான் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருமுறை வந்து பார்த்தார். இளமையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கார்த்திகையைக் காட்டினேன். முருகனை வளர்த்த ஆறு தாய்மார் என்று நாம் வணங்கும் கூட்டம். வெறுங்கண்ணுக்கு இங்கே நாலைந்து தெரிந்தால் அதிகம், குழலில் ஐம்பதுக்கு மேல் நீலம் கலந்த வெண்மையில் மின்னும். பாட்டி வியப்பார் என்று காத்திருந்தேன். நிதானமாகப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தார்.

“பெரட்டுக்குப் போறப்போ இதெல்லாம் சும்மாவே தெரியும் தம்பி. வெளக்கைக் கீழ வச்சிட்டா வானம் பூரா உப்பைக் கொட்டினாப்ல இருக்கும்.”

வாசல் வரை போனவர் திரும்பினார். “ஆனா அந்த இருட்டு வேணாம்ப்பா. பாம்பு, பன்னி, பயம்.”

இரண்டு வாக்கியமும் உண்மை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது நேர்மையாகாது. தோட்டத்து மக்களுக்கு அந்த வானம் கிடைத்தது, அவர்களுக்கு விளக்கு கிடைக்காததால்தான். பால் நன்றாக வடிவது குளிர்ந்த வேளையில் என்பதால் விடியுமுன்பே, ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள்; விண்மீன்களைக் காண எழுந்தவர்கள் இல்லை. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நிலம் வீடமைப்புக்கும் செம்பனைக்கும் போக, குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தபோது, வீட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் வரும் என்பது அவர்கள் போராடி அடைந்த கண்ணியம். இரவுப்பணி முடிந்து தனியே வீடு திரும்பும் பெண்ணுக்குத் தெருவிளக்கு ஒரு துணை. இருட்டைப் புகழ்வது பெரும்பாலும் வசதி வந்தவர்களின் பொழுதுபோக்கு. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டுதான் நாம் மேலே சிந்திக்க வேண்டும்.

இந்தக் குழல்கள் வேலை செய்யும் விதத்தையே கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். இருளில் நன்கு விரிந்த இளங்கண்ணின் பாவை சுமார் 7 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் வில்லை அதைப்போல் 100 மடங்கு ஒளியை வாங்குகிறது. விண்மீனை இந்தக் குழல்கள் எவ்வளவு பெருக்கினாலும் அது புள்ளியாகவே நிற்கும். ஆகவே வாங்கிய ஒளியெல்லாம் அந்தப் புள்ளியிலேயே வந்து குவிகிறது. வானத்தில் படர்ந்திருக்கும் நகர வெளிச்சமோ பரப்பு. அதையும் வில்லை 100 மடங்கு வாங்கத்தான் செய்கிறது. ஆனால் அகலத்தில் 15 மடங்கு, உயரத்தில் 15 மடங்கு விரித்துப் போடுவதால், வெறுங்கண்ணுக்குத் தெரிந்ததைவிட அது துளியும் கூடுவதில்லை, மங்கவே செய்கிறது. பரப்பின் பிரகாசத்தை எந்தக் கண்ணாடியாலும், எவ்வளவு விலை கொடுத்தாலும், கண் தானாகக் காண்பதற்கு மேல் உயர்த்த முடியாது என்பது ஒளியியலின் விதி. நகரத்துக் கண்ணுக்கு அந்த விதி ஒரு வரம். அறிவு என்றால் உண்மையைப் பெரிதாக்கிக் காட்டுவது என்று நாம் நெடுநாளாக எண்ணிவந்திருக்கிறோம். உண்மை தன் அளவில் ஒரு புள்ளியாகவே நிற்க, அதன் மேல் படர்ந்திருக்கும் பொய் வெளிச்சத்தை விரித்து நீர்க்கச் செய்து, இருந்ததை இருந்த இடத்திலேயே கண்ணுக்குத் தெரிய வைக்கும் வேலையைத்தான் விவேகம் செய்கிறது போலும் என்று, நடைபாதைக் கம்பியில் சாய்ந்து பூசத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றுகிறது.

ஆனால் அதே விதிக்கு ஒரு மறுபக்கம் உண்டு, அது கடுமையானது. பால்வீதியும் ஒரு பரப்புதான். எண்ணிலடங்கா விண்மீன்களின் ஒளி தனித்தனியே பிரியாமல் ஒன்றாகக் கலந்து ஓடும் ஆறு அது. நகர வெளிச்சத்தை உயர்த்த முடியாத கண்ணாடி அந்த ஆற்றையும் உயர்த்த முடியாது. ஒன்று நீர்க்கும்போது மற்றதும் சேர்ந்தே நீர்க்கிறது. சாலாக் செலாத்தானில் நின்று நாம் பால்வீதியின் தனி விண்மீன்களைக் குழலால் பொறுக்கி எடுக்கலாம். மாடிச் சுவருக்கு மேலே வளைந்தோடும் அந்த வெண்மையை, பாட்டி சும்மாவே பார்த்த அந்த வெண்மையை, 500 வெள்ளிக் கருவியும் தராது, 50,000 வெள்ளிக் கருவியும் தராது. 2016இல் வெளியான செயற்கை வான ஒளியின் உலக வரைபடத்தின்படி மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பால்வீதி தெரியாது. ஒளிமாசு மிகுந்த நாடுகளில் நம் அண்டை நாடான சிங்கப்பூர் அதில் முதலிடத்தில் இருந்தது.

இங்கேதான் பைனாகுலரை விட்டு நம் வாழ்க்கைக்கு வந்துவிடுகிறோம். ஆறு கெட்டது, வீட்டுக்கு வீடு தண்ணீர் வடிகட்டி வாங்கினோம். பள்ளி தளர்ந்தது, பிள்ளைக்கு டியூஷன் வாங்கினோம். தெரு பயமுறுத்தியது, வாசலுக்கு இரும்புக் கதவு வாங்கினோம். பொதுவில் இழந்த ஒவ்வொன்றையும் தனித்தனியே காசு கொடுத்து மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் ஒரு தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கை முழுப் பொய்யும் இல்லை, ஏனென்றால் புள்ளிகள் மீளத்தான் செய்கின்றன, என் வீட்டுத் தண்ணீர் தெளிகிறது, என் பிள்ளை தேறிவிடுகிறது, என் பூசம் எனக்குத் தெரிகிறது. ஆனால் எல்லாருடையதும் ஒன்றாகக் கலந்து எவருடையது என்று பிரிக்க முடியாமல் இருந்த அந்தப் பெருக்கு மட்டும், தனிக் கையால் எவ்வளவு விலை கொடுத்தாலும் திரும்புவதில்லை, ஏனெனில் அது கலைந்ததும் தனிக் கையால் அல்ல. 2005 ஆகஸ்டில் சுமத்ரா தீயின் புகைமூட்டம் போர்ட் கிள்ளானையும் கோலசிலாங்கூரையும் மூடி அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது, காற்று பொதுச்சொத்து என்பதை ஒரே வாரத்தில் எல்லாரும் உணர்ந்தோம். தனக்கென்று தனியே ஒரு வானிலை வாங்க யாராலும் முடியவில்லை. இருள் குறைந்ததற்கு யாரும் அவசரநிலை அறிவிக்கவில்லை. மூச்சுத் திணறவில்லை, கண் எரியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் சில விண்மீன்கள் குறைந்துகொண்டே வந்தன, அவ்வளவுதான்.

இதற்கு விளக்கை அணைக்க வேண்டியதில்லை. பாட்டியின் இரண்டாவது வாக்கியத்துக்குத் துரோகம் செய்யாமலே முதல் வாக்கியத்துக்கு வழி இருக்கிறது. தரையில் விழும் வெளிச்சம் நடப்பவருக்குப் பயன்படுகிறது. மேலே போகும் வெளிச்சம் ஒருவருக்கும் பயன்படாமல் மேகத்தில் மோதி நம் வானத்தை வெளிறச் செய்கிறது, அதற்கும் சேர்த்தே மின்கட்டணம் கட்டுகிறோம். மேற்புறம் மூடிய விளக்கு ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை.

ஆகவே, வாங்க நினைப்பவர் தாராளமாக மலிவானதையே வாங்கலாம். தைப்பூசம் கழிந்து ஏழெட்டு நாளில், மழை இல்லாத இரவு பத்து மணிவாக்கில் கிழக்கு வானில் பாதி உயரத்தைப் பாருங்கள். புனர்பூசத்துக்கும் மகத்துக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது பூசம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். பார்த்தவர்கள் நாலு பேர் சேர்ந்து, அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் நடைபாதை விளக்குகளுக்கு மேல்மூடி போடச் சொல்லிக் கேளுங்கள்.